மாடிச் சுவரில் காலையில் கிடந்தது எந்த மிருகத்தின் வேலை?

11 மே 2025, காலை 7.40

வீடு வேலூர் சத்துவாச்சாரி, மலைப்பக்கத் தெரு. பின்னால் நாலைந்து மனை தாண்டினால் பாறையும் முள்ளும்தான். நேற்று மாடியில் ஜவ்வரிசி வடாம் ஊற்றினோம். கத்திரி வெயில் வீணாகப் போகக் கூடாது என்பது அத்தையின் கொள்கை. ராத்திரி மேலே இன்னொரு வேட்டியைப் போட்டு மூடிவிட்டுக் கீழே வந்துவிட்டோம்.

காலையில் போய்ப் பார்த்தால் வடாம் அப்படியே இருக்கிறது. அதற்கு மூன்றடி தள்ளி, மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல், ஒரு மிருகம் இருந்துவிட்டுப் போயிருக்கிறது. இரண்டு துண்டு. ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம், கட்டைவிரல் பருமன். கரும்பழுப்பு நிறம், மேலே கோழை தடவியது மாதிரி மினுமினுப்பு. கீழே பின்பக்கம் சம்ப் மூடி மேலும் இதே போல ஒன்று, அது காய்ந்து பழசாகிவிட்டது.

எதிர்வீட்டு அண்ணன் பார்த்த மாத்திரத்தில் சிறுத்தை என்றுவிட்டார். போன டிசம்பரில் கே.வி.குப்பம் பக்கம் சிறுத்தை தாக்கி ஒரு பெண் இறந்துபோனதிலிருந்து எங்கள் தெருவில் நாய் குரைத்தாலும் சிறுத்தைதான். பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிறுத்தையா இது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அத்தை வடாம் முழுவதையும் கொட்டிவிடச் சொல்கிறார். இரண்டு படி ஜவ்வரிசி.

11 மே, இரவு 9.15

நாய் என்று மூன்று பேர். எங்கள் மாடிக்கு வெளியிலிருந்து படி கிடையாது. உள்படிக் கதவு பூட்டியிருந்தது. நாய் பறந்து வந்ததா?

பூனை என்று இரண்டு பேர். பூனை மண்ணைத் தோண்டி மூடும் என்று நினைத்திருந்தேன். எப்போதும் மூடாது என்கிறார் ஒருவர். சரி, வைத்துக்கொள்வோம்.

குரங்கு என்று ஒருவர். ஐயா, குரங்கு வந்திருந்தால் வடாம் இருந்திருக்காது. வேட்டிகூட மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்.

சாயங்காலம் தைரியம் வந்து ஒரு வேப்பங்குச்சியால் பிரித்துப் பார்த்தேன். உள்ளே முழுக்க கொட்டை! ஓட்டை விழுந்த பழைய டீ வடிகட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். மண்ணும் சக்கையும் போய், பதினேழு கொட்டைகள் பளிச்சென்று நின்றன. நீளவாக்கில் ஒரு பக்கம் கீறல் ஓடுகிற பழுப்புக் கொட்டை. சின்ன வயதில் துப்பித் துப்பி விளையாடினது, எனக்குத் தெரியாதா? ஈச்சங்கொட்டை. ஒன்றுகூட உடையவில்லை, மென்ற அடையாளமும் இல்லை. சதையை மட்டும் எடுத்துக்கொண்டு கொட்டையை அப்படியே அனுப்பிவிட்டது.

எங்கள் தெருவில் ஈச்ச மரம் கிடையாது. ஓடைக்கரையில்தான் உண்டு, எப்படியும் முக்கால் கிலோமீட்டர்.

12 மே

மேலே "கட்டைவிரல் பருமன்" என்றது மிகைதான். தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பருமன் ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். நேற்று பயத்தில் அளந்திருக்கிறேன்.

14 மே

விடை கிடைத்துவிட்டது. கீரிப்பிள்ளை. இன்று காலை பத்து மணிக்குப் பின்சுவர் மேல் ஒன்று ஓடியது. வாலை நீட்டிக்கொண்டு, மண் நிறத்தில், ஒரு முழத்துக்கு மேல் இருக்கும். சம்ப் மூடியைத் தாண்டித்தான் போனது. கண்ணால் கண்டேன், இதற்கு மேல் என்ன வேண்டும்? இழையை மூடிவிடலாம்.

15 மே

மூட வேண்டாம். கீரி இல்லை.

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். நம் ஊர்க் கீரி பகலில் திரிகிற பிராணி. பொழுது சாய்ந்தால் பொந்துக்குள் போய்விடும். சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு நான்தான் வேட்டியைப் போட்டு மூடினேன், அப்போது சுவர் சுத்தம். காலை ஆறுக்கு அத்தை போனபோது கிடந்தது. ஆக, இருட்டில் வந்த கை. இல்லை, இருட்டில் வந்த வேறொன்று.

அதோடு, கீரி பழம் தின்னாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதன் முக்கியச் சாப்பாடு எலி, ஓணான், முட்டை, பூச்சி. அதன் எச்சத்தில் மயிரும் பூச்சி ஓடும் இருக்கும், நுனி முறுக்கிக் கூராக முடியும். பதினேழு ஈச்சங்கொட்டை விழுங்குகிற கீரியை நான் கேள்விப்பட்டதில்லை. கண்டவுடன் முடிவுகட்டிவிட்டேன். ஒரு மிருகம் குறுக்கே போனதற்கும் அந்த இடத்தில் கிடப்பதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன?

18 மே

மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், எங்கள் தெரு வழியாகத்தான் போவார். தண்ணீர் கேட்டு நின்றவரைக் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டேன். இன்று சம்ப் மூடி மேல் புதிதாக ஒன்று விழுந்திருந்தது. குனியக்கூட இல்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னார்:

"மரநாய்மா."

எதிர்வீட்டில் சிறுத்தை என்கிறார்கள் தாத்தா என்றேன்.

"சிறுத்த வந்து ஒங்க ஊட்டு மாடில ஒக்காந்து ஈச்சம்பயம் துன்னுட்டுப் போச்சாமா? இன்னா பேச்சு பேசறாங்க. சிறுத்த பீல மயிரு இருக்கும், எலும்புத் துண்டு இருக்கும், ஆட்டுக் குளம்பு இருக்கும். கட்டவெரல வுட மொத்தமா இருக்கும். இது ராவுல மரத்துமேல போற கய்தை. கள்ளுப் பானைல வாய வெச்சிட்டுப் போவும், நாங்க சின்ன புள்ளைல பாத்துக்கீறோம்."

அப்புறம் ஒன்று சொன்னார், அதுதான் எனக்கு உபயோகமான விஷயம். "அதுக்கு எடம் முக்கியம்மா. மேடா, சமமா, வயவயன்னு ஒரு எடம் பாத்துக்கும். அங்கியேதான் வரும். நீ கய்வி உட்டாலும் வரும்."

சுவர், பாறை, விழுந்த மரத்தின் முதுகு, சிமெண்ட் மூடி. நான் உருவத்தையும் நிறத்தையும் அளந்துகொண்டிருந்தேன். அவர் எங்கே வைத்திருக்கிறது என்று பார்த்தார்.

19 மே

ஊரைப் பற்றி நாங்களே சொல்லிக்கொள்கிற கிண்டல் உண்டு: நீரில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். 1981இல் ஜலகண்டேஸ்வரரைத் திரும்பக் கோட்டைக் கோயிலுக்குள் கொண்டுவந்ததோடு கடைசியது பொய்யாகிவிட்டது. மற்றதெல்லாம் நிற்கிறது. இப்போது மரமில்லா மலைக்கு ஒரு மரநாய்.

கூட ஒரு தகவல்: மரநாயைத்தான் புனுகுப்பூனை என்பார்கள். திருப்பதிப் பெருமாளுக்குச் சாத்துகிற புனுகு இதனிடமிருந்து வருவதுதான்.

20 மே

மேலே சொன்னது தப்பு. நாலு பேர் திருத்திவிட்டார்கள், ஒருவர் கொஞ்சம் காரமாகவே.

மரநாய் வேறு, புனுகுப்பூனை வேறு. ஒரே குடும்பம்தான். புனுகுப்பூனைக்கு வாலில் வளையம் வளையமாகக் கறுப்புப் பட்டை, முதுகில் கோடு. பெரும்பாலும் தரையில் திரியும். மரநாய்க்கு வால் முழுக்க இருட்டு நிறம், கண்ணைச் சுற்றி முகமூடி போட்ட மாதிரி கறுப்பு, மரமும் சுவரும் கூரையும்தான் அதன் சாலை. திருமலையில் உபயோகமாகிற புனுகு புனுகுப்பூனையிடமிருந்து. நாய், பூனை என்று பேர் வைத்திருக்கிறோம், இரண்டும் நாயுமில்லை பூனையுமில்லை.

மரநாய்க்கும் வாலடியில் வாசனைச் சுரப்பி உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் அது விதைப்பை மாதிரியே தெரியும். 1777இல் பல்லஸ் என்பவர் அறிவியல் பெயர் வைத்தபோது அதைப் பார்த்துக் குழம்பித்தான் 'ஹெர்மாஃப்ரோடிட்டஸ்' என்று வைத்தார். அர்த்தநாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருநூற்றைம்பது வருஷமாக அந்தத் தப்பைச் சுமக்கிறது. என் தப்பு ஒரு நாளில் தீர்ந்தது.

20 மே, மதியம்

வடாம் என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு: பொரித்துத் தின்றுகொண்டிருக்கிறோம். சுவரில் இருந்தது சுவரில்தானே இருந்தது. அத்தை மட்டும் தொடவில்லை.

26 மே

நரி என்று ஆற்காட்டிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். இது நியாயமான சந்தேகம். நரியும் ஈச்சம்பழம், இலந்தைப்பழம் எல்லாம் தின்னும், கொட்டை முழுசாக வெளியே வரும், அதுவும் நாலு பேர் பார்க்கிற இடமாகப் பாதை நடுவில் வைத்துவிட்டுப் போகிற வழக்கம் உண்டு. சம்ப் மூடியில் கிடந்ததை மட்டும் காட்டியிருந்தால் நான் வாதாடியிருக்க மாட்டேன். ஆனால் முதல் மாடிச் சுவர், நாலரை அங்குல அகலம். நரி அங்கே ஏறி உட்கார்ந்தது என்றால் அதை நான் சர்க்கஸுக்கு அனுப்புவேன்.

இன்னொன்று, நரியுடையது நாயினுடையது போல நுனி கூம்பும், மயிர் கலந்திருக்கும், நாற்றம் கடுமை. இது இரண்டு பக்கமும் மழுங்கல். நாற்றம் அவ்வளவாக இல்லை, அழுகின பழக்கூடை வாடை. நான் மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன் என்று ஒத்துக்கொள்கிறேன். இதைப் பற்றிக் கீழே வேறொரு நாள் எழுதுகிறேன், நீங்கள் செய்யாதீர்கள்.

பெரியவர் சொன்னபடி கழுவிவிட்டுப் பார்த்தேன். பினாயில் போட்டு. மூன்றாம் நாள் அதே மூடி, அதே மூலை.

3 ஜூன்

புது விவகாரம். நேற்று சாயங்காலம் இடியோடு நல்ல மழை. இன்று காலை கொல்லைக் குழாயடியில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தனியாக ஒன்று. மூன்று சென்டிமீட்டர், பீடித்துண்டு மாதிரி, கறுப்பு. கொட்டை எதுவும் இல்லை. தொட்டால் பொடிகிறது. பொடியில் பச்சை, நீலம் என்று ஏதோ மின்னுகிறது.

என் ஊகம்: மரநாய் குட்டி போட்டிருக்கிறது. குட்டி இன்னும் பழத்துக்குப் பழகவில்லை, பூச்சி பிடித்துத் தின்கிறது. பருமன் சின்னதாக இருப்பதற்கும் அதுதான் காரணம். எல்லாம் பொருந்துகிறது.

5 ஜூன்

ஒன்று பொருந்தவில்லை. குட்டி ஏன் தரையில், சுவரோரச் சேற்றில் வைக்க வேண்டும்? தாயின் இடம் பத்தடி தள்ளித்தானே இருக்கிறது. எதிர்வீட்டு அண்ணனிடம் காட்டினேன். "சிறுத்தைக் குட்டி" என்றார். அவரிடம் இனிமேல் காட்டுவதாக இல்லை.

8 ஜூன்

சிரிக்கக் கூடாது.

தேரை.

பொடியைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தட்டில் ஊற்றி, என் பையனின் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். முழுக்க எறும்புத் தலை. நூற்றுக்கணக்கில், கசகசா கொட்டினது போல. நடுவில் வண்டின் முதுகோடு, அதுதான் பச்சையாக மின்னியது. எறும்பை இப்படி மூட்டை மூட்டையாகத் தின்கிற பிராணி நம் கொல்லையில் எத்தனை இருக்கிறது? பல்லி தின்னும், ஆனால் பல்லியுடையது அரிசி அளவு, நுனியில் வெள்ளைப் பொட்டு வைத்திருக்கும். அப்புறம் நேற்று ராத்திரி டார்ச்சோடு போய் உட்கார்ந்தேன். துவைக்கிற கல்லுக்கடியிலிருந்து, என் உள்ளங்கையை நிரப்புகிற ஒரு கிழட்டுத் தேரை வெளியே வந்து குழாயடி விளக்கின் கீழ் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. காலையில் அது உட்கார்ந்த இடத்தில் பீடித்துண்டு.

தேரை இரையை மெல்லாமல் அப்படியே விழுங்கும், எறும்பின் ஓடு செரிக்காது, அத்தனையும் ஒரே மூட்டையாக வந்துவிழுகிறது. அந்த உடம்புக்கு இந்த அளவு என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நானும் நம்பாமல்தான் மரநாய்க்குப் பிரசவம் பார்த்தேன்.

மழைக்கு மறுநாள், ஈரமான தரை, தனி ஒற்றை, தொட்டால் பொடிந்து மினுங்கும் என்றால் மிருகத்தைத் தேடாதீர்கள், கல்லைத் தூக்கிப் பாருங்கள்.

15 ஜூன்

சொல் பற்றிக் கேட்டவருக்கு. 'எச்சம்' என்று பொதுவாக எழுதுகிறேன், அது சரியா என்று கேட்கிறார். பறவைக்கும் பல்லிக்கும் எச்சம் பொருந்தும். வீட்டில் யாரும் மாட்டுக்கு எச்சம் என்று சொல்ல மாட்டோம், அது சாணி. ஆட்டுக்கும் எலிக்கும் புழுக்கை. யானைக்கும் குதிரைக்கும் இலத்தி. கழுதைக்கு விட்டை, கழுதை விட்டையானாலும் கை நிறைய வேண்டும் என்கிற பழமொழி அதைக் கை நிறைய வைத்துவிட்டது. அத்தை கோபம் வந்தால் "நெல்லு காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது" என்பார், அதுவும் பெரும்பாலும் என்னைப் பார்த்து.

பார்த்தால் இந்தச் சொற்களே பாதி அடையாளம் சொல்லிவிடுகின்றன. புழுக்கை என்றாலே உருண்டை, காய்ந்தது, தனித்தனி. சாணி என்றால் குழைவு. மரநாய்க்கும் நரிக்கும் சிறுத்தைக்கும் தனிச்சொல் நம் வீடுகளில் இல்லை, வீட்டுக்கு வருகிற மிருகமில்லையே. பெரியவர் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான் சொன்னார். மேலே இருக்கிறது.

20 ஜூன்

சம்ப் மூடியில் இன்று கிடந்ததில் மயிர்! கறுப்புச் சாம்பல் மயிர், சின்னச் சின்ன எலும்பு. எப்படியோ எதிர்வீட்டு அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. காலை ஆறேகாலுக்குக் கதவைத் தட்டி "நான் சொன்னேனா இல்லையா" என்றார். டீ போட்டுக் கொடுத்தேன்.

எலி மயிர்தான். மரநாய் பழம் மட்டும் தின்கிற சாமியார் இல்லை. எலி, பூச்சி, முட்டை, கிடைத்தால் கோழிக்குஞ்சு, எதையும் விடாது. நம் மாடியில் எலி குறைந்திருக்கிறது என்று அத்தையே போன வாரம் சொன்னார், காரணம் தெரியாமல். ஒரே மிருகம் மே மாதம் கொட்டையாகவும் ஜூனில் மயிராகவும் போகிறது. ஒன்றை மட்டும் பார்த்து முடிவுகட்டுகிறவர் எந்தக் கிழமை பார்க்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் விடை.

29 ஜூன்

இரண்டு கேள்விக்குச் சேர்த்துப் பதில்.

காட்பாடி காந்தி நகர்க்காரர்: பாதாம் மரத்தடியில் தினமும் நார் நாராக உருண்டை, காய்ந்த சாணி வறட்டி மாதிரி சின்னதாக, கூடவே வெள்ளைச் சுவரில் மஞ்சள் தெறிப்பு. தெறிப்பு வவ்வாலுடையது, பறந்துகொண்டே போகிறது. உருண்டை எச்சமே இல்லை. பழந்தின்னி வவ்வால் பழத்தை வாயில் வைத்து நசுக்கிச் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும். உற்றுப் பார்த்தால் மேல்வாயின் வரி அதில் பதிந்திருக்கும். வெற்றிலை போடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் உடனே புரிந்துவிடும்.

பக்கத்து வீட்டு பாய் கொண்டுவந்து காட்டியது இன்னும் சுவாரசியம். அவர் மாடித் தண்ணீர்த் தொட்டிக்கடியில் கிடந்ததாம். கரும்சாம்பல் நிறம், கோழிமுட்டையை நீட்டிவிட்ட உருவம், மேலே வார்னிஷ் அடித்தது போன்ற பளபளப்பு. "பூனைதாமா?" என்றார். வெந்நீரில் ஊறவைத்தோம். மயிர்க்கட்டு அவிழ்ந்து எலியின் மண்டையோடு முழுசாக வந்தது. முன்பல் ஆரஞ்சு நிறத்தில் வளைந்து இருந்தது. இரண்டாவது மண்டையோடு. மூன்றாவது மூஞ்சூறு, மூக்கு நீண்டு. எந்த மிருகத்தின் குடல் வழியாகவும் மண்டையோடு இப்படிப் பங்கப்படாமல் வராது. இது வாய் வழியாக வந்தது. கூகை, அதாவது வெள்ளை முகத்து ஆந்தை, எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருட்டிக் கக்கிவிடும்.

பாய் அந்த மண்டையோட்டைத் தீப்பெட்டியில் போட்டு பேரனுக்குக் கொண்டுபோயிருக்கிறார். அவர் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

12 ஜூலை

பார்த்துவிட்டேன்.

ராத்திரி இரண்டேமுக்கால். கரண்ட் போய் ஃபேன் நின்றதும் விழித்துக்கொண்டேன். வேலூரில் ஜூலையில் ஃபேன் இல்லாமல் யார் தூங்க முடியும்? மாடிக்குப் போனேன். நிலா நன்றாக இருந்தது. எங்கள் வீட்டுக்கும் பாய் வீட்டுக்கும் நடுவில் போகிற கேபிள் டிவி ஒயரில், ஒயரோடு ஒயராக, ஏதோ நீளமாக நகர்ந்தது. முதலில் யாரோ கயிறு இழுக்கிறார்கள் என்று நினைத்தேன். பாதியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. டார்ச் அடித்ததும் இரண்டு கண்ணும் தணல். உடம்பு எவ்வளவோ வால் கிட்டத்தட்ட அவ்வளவு, அந்த வால்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து தராசு பிடித்தது. அவசரமே படவில்லை. கைப்பிடிச் சுவரில் இறங்கியது, நாலடி நடந்தது, என் முன்னாலேயே, மே மாதத்திலிருந்து நான் கழுவிவிடுகிற அதே மூலையில், பின்னங்காலைத் தாழ்த்தி உட்கார்ந்தது.

அங்கிருந்து முருங்கைக்குத் தாவி இருட்டுக்குள் போய்விட்டது. முருங்கைக்கிளை ஒடியவில்லை. மூன்று கிலோ எடை இருக்கும் என்பது என் கணக்கு, பூனையை விடச் சற்றுப் பெரிது.

டார்ச்சில் பார்த்தேன், சூடு ஆறாமல் இருந்தது. ஊதா நிறக் கொட்டை. நாவல்.

13 ஜூலை

கூண்டு வைக்கச் சொல்கிறவர்களுக்கும் விஷ வாழைப்பழ யோசனை சொன்னவருக்கும்: இது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற பிராணி. பிடிப்பதும் கொல்வதும் குற்றம். அது போகட்டும், எதற்காகப் பிடிக்க வேண்டும்? வாரத்துக்கு இரண்டு தரம் ஒரு மக் தண்ணீர் எனக்குச் செலவு. மச்சில் குடியேறித் தூங்கவிடாமல் ஓடினால் பகலில் அது வெளியேறியதா என்று பார்த்துக்கொண்டு பொந்தை அடைப்பதைப் பற்றி யோசிக்கலாம். குட்டி உள்ளே இருக்கும்போது அடைத்துவிடாதீர்கள், நாற்றம் உங்களுக்குத்தான்.

காபிக்கொட்டை கொடுத்துப் பார்க்கச் சொன்ன தம்பிக்கு: இந்தோனேசியாவில் இதன் உறவுக்காரன் தின்று போட்ட காபிக்கொட்டையைப் பொறுக்கித்தான் விலை உயர்ந்த காபி விற்கிறார்கள், தெரியும். கூண்டில் அடைத்துக் கொட்டையைத் திணிக்கிறார்கள் என்பதும் தெரியும். எங்கள் வீட்டில் கும்பகோணம் டிகிரியே போதும்.

27 ஜூலை

டீ வடிகட்டி விஷயம். பலர் திட்டியிருக்கிறீர்கள், வாங்கிக்கொண்டேன். கையுறை இல்லாமல் பிரித்ததும், மோந்து பார்த்ததும், சமையலறைச் சாமானை எடுத்ததும் முட்டாள்தனம். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீரிலிருந்து வருவது, ஈரத்தில் கிருமி உயிரோடு இருக்கும், காலில் கையில் சிராய்ப்பு இருந்தால் போதும். மழைக்கு அப்புறம் கொல்லையில் வெறுங்காலோடு நிற்பதே தப்பு. பூனையுடையதாக இருந்தால் அதில் வேறு கிருமிகள் உண்டு, வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் அவர் கிட்டேயே போக வேண்டாம். காய்ந்ததைத் துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்பக் கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, ஊறவிட்டு, கையுறை போட்டு அள்ளுங்கள். வடிகட்டி அன்றே குப்பைக்குப் போய்விட்டது என்று எழுதத்தான் ஆசை. ஜூன் வரை அலமாரியில் இருந்தது, அத்தை கண்டுபிடிக்கும் வரைக்கும்.

பேரணாம்பட்டு தோட்டக்காரருக்கு: பாக்கு அளவில் நீள உருண்டைகள், சில இடத்தில் மணி கோத்த மாதிரி ஒட்டிக்கொண்டு, உடைத்தால் மரத்தூள் போல நார். பக்கத்தில் தென்னங்கன்றின் அடியைக் கரண்டியிருக்கிறது. நீங்களே அரை விடை சொல்லிவிட்டீர்கள். முள்ளம்பன்றி. மண்ணில் முள் ஒன்று கிடக்கிறதா என்று தேடுங்கள்.

மயில் பற்றிக் கேட்டவர்: கோழியினுடையதைப் பெரிதாக்கி மேலே வெள்ளைத் தொப்பி போட்டால் அதுதான். கேட்பானேன், விடியற்காலை அதுவே கத்திச் சொல்லிவிடும்.

2 ஆகஸ்ட்

பெரியவரிடம் ஒயரில் பார்த்ததைச் சொன்னேன். "நான் சொல்லல?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். எதிர்வீட்டு அண்ணனும் ஒரு ராத்திரி எங்கள் மாடியில் வந்து உட்கார்ந்தார். ஒரு மணி வரை கொசுக்கடி வாங்கினார். அன்றைக்குப் பார்த்து அது வரவில்லை. இப்போது அவர் நிலை: மரநாய் இருப்பது உண்மை, அதனால் சிறுத்தை இல்லை என்று ஆகிவிடாது. யோசித்தால் அதுவும் சரிதான். மலையில் வேறு என்ன இருக்கிறது என்பதற்கு எங்கள் சம்ப் மூடி சாட்சி சொல்ல முடியாது. ராத்திரி பிள்ளைகளை ஓடைப்பக்கம் அனுப்ப வேண்டாம் என்கிறார். அனுப்புவதில்லை.

24 ஆகஸ்ட்

இரண்டு வாரம் ஒன்றும் இல்லாமல் இருந்தது. இன்று காலை சம்ப் மூடி மேல் மூன்று துண்டு. அத்தைதான் முதலில் பார்த்துக் கூப்பிட்டார். கையுறையோடும் புது வடிகட்டியோடும் போனேன். கறுப்பு, வழவழப்பு, புளியங்கொட்டையை விடச் சின்னது. இருபத்திரண்டு எண்ணினேன். சீத்தாப்பழக் கொட்டை.

மலையில் பழுத்துவிட்டது போலிருக்கிறது. சாயங்காலம் நேதாஜி மார்க்கெட் போய்க் கேட்டேன், இன்னும் ஒரு கூடைகூட இறங்கவில்லையாம்.